கற்பனை உலகில் கிளைமொழிகள்



சனிக்கிழமை இரவுகளில் நம் விடுதி அறையொன்றில் தமிழ் மாணவர் ஐவர் கூடுவோம். நடுவே ஒரு மேசை. அதன்மேல் இருபது முகங்கள் கொண்ட பகடை ஒன்று, சில தாள்கள், தேநீர்க் குவளைகள். இவ்வளவே எங்கள் முதல். இவற்றைக் கொண்டு நள்ளிரவு வரை ஒரு நாட்டை ஆண்டு, மலைகளைக் கடந்து, அரக்கரோடு பொருது மீள்வோம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு என்பது இதுவே. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர் ஆளுக்கொரு பாத்திரமாகி, 'நான் இன்னது செய்கிறேன்' என்பர். ஐயமான செயல்களின் முடிவைப் பகடை சொல்லும். 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற பெயரில் இவ்விளையாட்டை முதன்முதலாக அச்சிட்டு வெளியிட்டனர். அதன் வழிவந்தவை இன்று உலகெங்கும் பல.

இவ்விளையாட்டில் வரும் மொழிகளைப் பற்றியதே இக்கட்டுரை. இதனை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சென்ற பருவத்தில் ஓர் இரவு, எங்கள் ஆட்டத்தில் மலைவாழ் குறும்பர் கூட்டம் ஒன்று வந்தது. அறிவில் குறைந்தவர்களாகவும் அழுக்கானவர்களாகவும் கதையில் வருபவர்கள் அவர்கள். கதையை நடத்திய நண்பர் அவர்களுக்கு ஒரு பேச்சைப் படைத்தார். "எங்களுக்குப் பளம் வேணும், மளைல நாங்க வரமாட்டோம்" என்று குரலைக் கரகரப்பாக்கிப் பேசினார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். மறுநாள் காலை என் தாயார் தொலைபேசியில் அழைத்தார். "ஏல, அங்க மளையாமே, நனையாதல. நல்ல பளமா வாங்கித் தின்னுல" என்றார். நான் பிறந்து வளர்ந்தது மும்பையில். என் பெற்றோர் திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து அங்குக் குடியேறியவர்கள். நான் முதன்முதல் கேட்ட தமிழ் 'பளம்' என்ற தமிழ்தான். முந்திய இரவு நான் எதைக் கேட்டுச் சிரித்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று.

நண்பர்மீது எனக்குக் குறையில்லை. ஆனால், அன்று முதல் ஒரு வினா என்னை விடவில்லை. கற்பனை உலகில் ஒரு மக்களுக்குத் தனிப் பேச்சு ஒன்றைப் படைக்க விரும்பினால் அதனை எப்படிப் படைப்பது? பிழைகளைத் தூவினால் அது கிளைமொழி ஆகுமா? நான் இயற்பியல் மாணவன். மொழிநூல் என் துறையன்று. எனினும், ஒழுங்காக நிகழ்வது எதுவோ அதற்கு விதி ஒன்று இருக்கும் என்பது எங்கள் துறையின் முதற்பாடம். அப்பாடத்தைக் கைவிளக்காகக் கொண்டு நூலகத்தில் தேடியவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

பெயரளவில் மொழிகள்

இவ்விளையாட்டுகளில் வரும் மொழிகளை நான்கு படிகளாகப் பிரிக்கலாம். முதற்படியில் நிற்பவை பெயர் மட்டுமே உடைய மொழிகள். 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தில் ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் 'அறிந்த மொழிகள்' என ஒரு பகுதி உண்டு. குள்ளர் மொழி, எல்ஃப் மொழி, அரக்கர் மொழி எனப் பெயர்களை எழுதிக்கொண்டால் போதும். எல்லாரும் பேசிக்கொள்ளப் 'பொதுமொழி' ஒன்றும் உண்டு. ஆனால் அம்மொழிகளில் 'தண்ணீர்' என்பதற்கு என்ன சொல் என்று கேட்டால் ஆட்ட விதிநூல் விடை தராது.

தொடக்கக் காலப் பதிப்புகளில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. ஒழுங்கின் பக்கம் நிற்போர்க்கு ஒரு மொழி, குழப்பத்தின் பக்கம் நிற்போர்க்கு ஒரு மொழி என, ஒழுக்கச் சார்புக்கு ஏற்ப மொழிகளை வகுத்திருந்தனர்! நல்லவர் எந்த ஊரில் பிறந்தாலும் ஒரே மொழி பேசுவர் என்றால், தாயிடமும் தெருவிடமும் மொழி கற்கும் உலகிற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவ்வழக்கம் கைவிடப்பட்டது. 

கிளைமொழி என்ற எண்ணமும் அவ்விளையாட்டில் இடம்பெற்றுள்ளது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் 'ஆதிமொழி' எனப் பொருள்படும் 'பிரைமார்டியல்' என்பதற்கு நான்கு கிளைமொழிகள் கூறப்படுகின்றன. காற்றுக்குரியது ஆரன், நீருக்குரியது அக்வன், நெருப்புக்குரியது இக்னன், நிலத்துக்குரியது டெரன். நான்கும் இலத்தீன் சொற்களிலிருந்து ஆக்கிய பெயர்கள். ஒரு கிளைமொழி பேசுவோர் மற்றொன்று பேசுவோரோடு உரையாட இயலும் என்றும் விதிநூல் கூறுகிறது. நல்ல எண்ணமே, ஆயினும் நான்கும் எவ்வாறு வேறுபடும் என்பதற்கு ஓர் எழுத்துக்கூட எடுத்துக்காட்டு இல்லை.

மறைமொழிகள்

இரண்டாம் படி, எழுத்தை மாற்றி மறைக்கும் முறை. 2001ஆம் ஆண்டு ஜப்பானிலிருந்து வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 10' என்னும் கணினி விளையாட்டில் 'அல் பெட்' என்ற மக்கள் வருகின்றனர். அவர்கள் பேச்சு முதலில் ஒன்றும் விளங்காது. ஆட்டத்தின் ஆங்கில வடிவில் 26 ஏடுகள் ஆங்காங்கே கிடக்கும். ஓர் ஏட்டைக் கண்டெடுத்தால் ஓர் எழுத்து விளங்கும். இருபத்தாறும் கிடைத்தபின் பார்த்தால் உண்மை வெளிப்படும்: ஆங்கிலச் சொற்களில் ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக வேறோர் எழுத்தை வைத்திருக்கின்றனர். சொல் வரிசையும் இலக்கணமும் ஆங்கிலமே. சிறுவயதில் எழுத்துக்கு எழுத்து முன்னால் 'க' சேர்த்து, 'நீ வா' என்பதைக் 'கநீ கவா' என்று நாம் பேசவில்லையா? அதன் உடன்பிறப்பே இதுவும். விளையாட்டுக்கு மிக இனியது. ஆயினும் இது பூட்டப்பட்ட ஆங்கிலமே அன்றி வேறு மொழி அன்று.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது 'திருடர் குறிமொழி'. 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' ஆட்டத்தில் கள்வர் பாத்திரங்கள் மட்டும் இதனை அறிவர். இதற்கு நம் இலக்கணத்தார் அன்றே ஒரு பெயர் தந்துள்ளனர், அதுவே குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பதும் உரையாசிரியர் காட்டும் சான்றுகள். இங்கும் மாறியவை சில பெயர்களே, இலக்கணம் தமிழே.

இலக்கணம் உடைய மொழி

மூன்றாம் படியில் ஒரு மொழிநூற் பேராசிரியர் நிற்கிறார். எம். ஏ. ஆர். பார்க்கர் என்பவர் அமெரிக்கப் பழங்குடி மொழிகளுள் ஒன்றாகிய கிளாமத் மொழிக்கு இலக்கணமும் அகராதியும் செய்தவர். உருது, பலூச்சி மொழிகளுக்குப் பாடநூல்கள் எழுதியவர். அவர் 1975இல் 'எம்பயர் ஆஃப் தி பெட்டல் த்ரோன்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். அவ்வுலகின் பெரிய அரசொன்றின் மொழி சோல்யானி. அதற்கு எழுத்து, ஒலி, சொல், இலக்கணம் எல்லாம் அவர் வகுத்தார்.

அம்மொழியில் நமக்குச் சுவை தரும் செய்தி முன்னிலைப் பெயர்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் எல்லார்க்கும் ஒரு சொல்லே. நமக்கு நீ, நீர், நீங்கள், தாங்கள் என உண்டு. சோல்யானியிலோ எதிரில் நிற்பவரின் நிலைக்கு ஏற்ப நம்மினும் மிகப் பல. ஆட்டத்தில் ஓர் அரச அலுவலரிடம் தவறான 'நீ'யைச் சொல்லிவிட்டால் வாள் உருவப்படலாம். இலக்கணமே கதையை நடத்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

பார்க்கரைப் பற்றி இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் புனைபெயரில் நாசிக் கொள்கையைப் பரப்பும் நாவல் ஒன்றை எழுதியிருந்தார் என்பதை, அவர் படைப்புகளைக் காக்கும் அறக்கட்டளையே 2022இல் ஒப்புக்கொண்டது. மொழிகளை ஆழ்ந்து கற்றவர் எல்லாரும் மக்களை மதிக்கக் கற்றவர் ஆகார் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வரலாறு உடைய மொழி

நான்காம் படியே உயர்ந்த படி. இவ்விளையாட்டுகளுக்கெல்லாம் கற்பனையூற்றுகளுள் ஒன்றாக விளங்கிய 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்னும் பெருங்கதை 1954, 1955ஆம் ஆண்டுகளில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் மொழிப் பேராசிரியராக இருந்தவர். அவர் மொழிகளை முதலில் படைத்தார். அவற்றைப் பேச மக்கள் வேண்டுமே என்று பிறகு கதையைப் படைத்தார். எல்ஃப் மக்களுக்கு அவர் தந்த மொழிகளுள் சிறந்தவை இரண்டு: பின்னிஷ் மொழியின் இனிமையைத் தழுவிய க்வென்யா; வேல்ஸ் மொழியின் ஓசையைத் தழுவிய சிந்தாரின். இவை இரண்டும் ஒரே தாய்மொழியிலிருந்து பிரிந்தவை என்று வைத்து, ஒவ்வொன்றும் எவ்வொலியை எவ்விடத்தில் மாற்றியது என்று விதி வகுத்தார்.

ஒரு விதியைக் காண்போம். க்வென்யாவில் 'சொல்லு' என்னும் வினையின் வேர் 'க்வெட்', சிந்தாரினில் 'பெட்'. க்வென்யாவில் 'ஆள்' என்பது 'க்வேன்', சிந்தாரினில் 'பென்'. க்வென்யாவில் 'அன்னப்பறவை' என்பது 'அல்க்வா', சிந்தாரினில் 'அல்ஃப்'. முதல் இரண்டில், அங்கு 'க்வ' நிற்கும் இடத்தில் இங்குப் 'ப' நிற்கிறது. மூன்றாவதில் அந்தப் பகரமே லகரத்தை அடுத்து நின்று மேலும் நெகிழ்ந்து 'ஃப்' ஆயிற்று. இடைப்பட்ட நிலையைக் காட்டும் சான்றும் உண்டு: டெலரின் என்னும் மூன்றாம் கிளையில் அன்னம் 'அல்பா'.

இவ்விதி டோல்கீன் வெறுங்கற்பனையிற் கண்டதன்று. அயர்லாந்தின் மொழியில் மகனுக்குப் பெயர் 'மக்'. பழைய வேல்ஸ் மொழியில் 'மாப்'. இரண்டும் 'க்வ' ஒலியுடைய ஒரு பழஞ்சொல்லின் மக்கள். உடனே நம்மவர் சிலர், 'ஆ! மக் என்பது நம் மகன் அன்றோ!' என்று துள்ளக்கூடும். பொறுங்கள். ஒரு சொல் ஒத்திருப்பது தற்செயலாகவும் அமையும். ஒரே மாற்றம் பல சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால்தான் உறவு உறுதிப்படும். ஒற்றை அளவீட்டைக் கொண்டு எந்த ஆய்வுக்கூடமும் விதி எழுதுவதில்லை.

மற்றொரு விதி: க்வென்யாவில் இரண்டு உயிர்களுக்கிடையே வன்மையாக ஒலிக்கும் வல்லெழுத்துச் சிந்தாரினில் மெலிந்து ஒலிக்கும். எழுதுகோல் என்னும் சொல்லை இதற்குச் சான்றாகத் தமிழில் எழுத முயன்று தோற்றேன். இரண்டையும் 'டெகில்' என்றே எழுத வேண்டியிருக்கிறது! காரணம், நாமே அவ்விதியை நாள்தோறும் பின்பற்றுகிறோம். 'கல்' என்பதில் வன்மையாக ஒலிக்கும் ககரம் 'மகன்' என்பதில் மெலிகிறது. விதி நம் நாவிலேயே இருப்பதால் அதற்கென நமக்குத் தனி எழுத்துத் தேவைப்படவில்லை.

தாயின் பெயரில் ஓர் எழுத்து

டோல்கீன் எழுதிவைத்த ஒரு கட்டுரை, அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின், 1996இல் அச்சேறியது. அதில் ஒரு கிளைமொழிச் சண்டை வருகிறது. க்வென்யா பேசிய மக்களுள் ஒரு பிரிவார், ஆங்கிலத்தில் 'சிந்தி' எனப் பொருள்படும் சொல்லின் முதலில் நாம் கேட்கும் 'த்' போன்ற ஒலியைக் கைவிட்டு 'ஸ்' என ஒலிக்கத் தொடங்கினர். ஃபேயனோர் என்னும் இளவரசன் அம்மாற்றத்தை ஏற்க மறுத்தான். ஏன்? அவன் தாயின் பெயர் மீரியல் தெரிண்டே. 'தெரிண்டே' என்றால் ஊசிவேலையில் வல்லவள் என்பது பொருள். அவள் தன் பெயரைப் பழைய ஒலியோடு சொல்ல வேண்டும் என்று விரும்பியவள். அவளோ மறைந்துவிட்டாள். ஊரார் 'ஸெரிண்டே' என்றபோது, அது தன் தாயை இகழ்வதாகவே அவனுக்குப் பட்டது.

இக்கதையைப் படித்தபோது எனக்குப் 'பளம்' நினைவுக்கு வந்தது. அங்கே ஊரெல்லாம் ஒலியை மாற்ற, மகன் பழைய ஒலியைப் பற்றி நின்றான். எனக்கு நேர்ந்தது இதன் மறுதலை: என் தாய் மாறிய ஒலியைப் பேச, நான் பள்ளியில் கற்ற பழைய ஒலியைக் கொண்டு அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தேன். ஓர் எழுத்துத்தான், ஆனால் அந்த எழுத்துக்குள் ஒரு தாய் இருக்கிறாள்.

எது சிதைவு?

இனி, 'பளம்' என்பது பிழையா என்பதை ஆராய்வோம். தென்மாவட்டப் பேச்சில் ழகரம் ளகரமாகிறது: மளை, பளம், களுதை, தமிள். சென்னையின் பேச்சு வழக்கொன்றில் அதே ழகரம் யகரமாகிறது: வாயப்பயம். பிழை என்பது இங்கொன்றும் அங்கொன்றுமாக வருவது. இவை அப்படி வருவன அல்ல. ஓர் ஒலி மாறும்போது அதே ஒலியுடைய சொற்கள் வரிசையாக மாறுகின்றன. ஆகவே இது விதி.

விதியால் மாறுவதைச் சிதைவு என்பாரும் உளர். அவர்களுக்கு நம் அண்டை மொழியொன்றைக் காட்டுவேன். நம் விடுதியிலுள்ள கன்னட நண்பரிடம் கேளுங்கள். நம் பால் அவருக்கு ஹாலு, பூ ஹூவு, பத்து ஹத்து, புலி ஹுலி, பல் ஹல்லு. பழைய கன்னடத்தில் இங்கெல்லாம் பகரமே இருந்தது. பிறகு சொல் முதலில் அது ஹகரமாயிற்று. 'ஆ, நாம் காத்த பகரத்தை அவர்கள் இழந்தார்கள்' என்று பெருமிதம் கொள்ளலாமா? மறுபக்கத்தையும் பாருங்கள். நம் செவி அவருக்குக் கிவி, சேரி கேரி, செம்மையின் உறவு கெம்பு, செய் என்பது பழங்கன்னடத்தில் கெய். இங்கே பழைய ஒலி ககரம். அவர்கள் காத்தனர், நாம் சகரமாக்கிவிட்டோம். இகரம், எகரம் ஆகியவற்றின்முன் நின்ற ககரம் தமிழில் சகரமாயிற்று என்பது விதி.

அப்படியானால் 'கேள்', 'கெடு' ஆகியவை ஏன் 'சேள்', 'செடு' ஆகவில்லை? அடுத்து வரும் மெய் ட, ண, ள, ழ போன்று நாவை மடித்து ஒலிப்பதாயின் ககரம் மாறுவதில்லை. விதிவிலக்குக்கும் ஒரு விதி! இதனை முதன்முதல் படித்தபோது, ஆய்வுக்கூடத்தில் வரைபடத்தின் ஒரு கோணலுக்குக் காரணம் கண்ட நாளில் அடைந்த மகிழ்ச்சியை அடைந்தேன்.

இப்போது சொல்லுங்கள்: சிதைந்த மொழி எது? பகரத்தை மாற்றிய கன்னடமா? ககரத்தை மாற்றிய தமிழா? இரண்டும் அல்ல. ஒன்று ஒன்றைக் காத்து மற்றொன்றை மாற்றியது, மற்றதும் அவ்வாறே. 'செவி' என்பதைச் செம்மையான சொல்லாகப் போற்றும் நாம், அதே போன்ற ஒலிமாற்றம் திருநெல்வேலியில் நிகழும்போது மட்டும் அதனைக் கொச்சை என்பது நடுநிலைமை ஆகாது.

நம் பழைய உரையாசிரியர்கள் இதில் நம்மினும் பெருந்தன்மை உடையவர்கள். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர், குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர் என்று திசைச்சொற்களை இடத்தோடு குறித்துவைத்தனர். அன்று திசைச்சொல்லாகக் குறிக்கப்பட்ட 'அச்சன்' இன்று மலையாளத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒலிக்கிறது.

இதனால் எழுத்து நடைக்குப் பொதுமை வேண்டா என்று நான் கூறவில்லை. இக்கட்டுரையில் 'பழம்' என்றே எழுதுகிறேன். பல ஊரார் படித்துணரப் பொதுநடை ஒன்று வேண்டும். ஆனால், பொதுநடை என்பது எல்லாரும் கூடும் மன்றம். வட்டார வழக்கு அவரவர் வீடு. மன்றம் இருப்பதால் வீடு இழிந்துவிடாது.

படைத்துப் பார்ப்போம்

நிற்க. கற்பனை உலகிற்கு ஒரு கிளைமொழியை எப்படிப் படைப்பது என்ற வினாவுக்கு வருவோம். வழி எளிது. பிழைகளைத் தராதீர்கள், விதிகளைத் தாருங்கள். நான் செய்து பார்த்த பயிற்சியைக் கீழே தருகிறேன். தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு தாய்மொழியை எண்ணி ஐந்து சொற்களைப் படையுங்கள். நான் படைத்தவை: கெலு (நீர்), கிரவு (வழி), கோமு (தேன்), பெசு (நெருப்பு), பமி (வீடு). இம்மொழி பேசிய மக்கள் இரண்டாகப் பிரிந்தனர். ஒரு சாரார் மலைக்கும் ஒரு சாரார் ஆற்றங்கரைக்கும் சென்றனர்.

மலையாருக்கு இரண்டு விதிகள். சொல் முதலில் வரும் பகரம் ஹகரமாகும். சொல் முதலில் இகர எகரங்களோடு வரும் ககரம் சகரமாகும். எனவே அவர்கள் செலு, சிரவு, கோமு, ஹெசு, ஹமி என்பர். 'கோமு' மட்டும் மாறாததைக் கவனியுங்கள்; அங்கே ஓகாரம் நிற்கிறது. ஆற்றங்கரையாருக்கு ஒரே விதி: சொல்லின் இறுதியில் வரும் உகரம் கெடும். எனவே அவர்கள் கெல், கிரவ், கோம், பெஸ், பமி என்பர். மூன்றே விதிகளில் இரண்டு கிளைமொழிகள் பிறந்துவிட்டன. எவரும் எவரையும்விடத் தாழ்ந்து பேசவில்லை.

இனித்தான் சுவை. நீரும் வீடும் சேர்ந்தால் கிணறு என்று வைத்துக்கொள்வோம். இரு சாராரும் பிரிந்த பிறகு தோண்டிய கிணற்றை, மலையார் தம் சொற்களைச் சேர்த்துச் 'செலுஹமி' என்பர். ஆற்றங்கரையார் 'கெல்பமி' என்பர். ஆனால், பிரிவதற்கு முன்பே தோண்டிய பழங்கிணறு ஒன்று இருந்தால்? அதன் பெயர் அன்றே ஒரு சொல்லாகக் 'கெலுபமி' என இணைந்திருக்கும். மலையார் வாயில் அது 'செலுபமி' ஆகும். பகரம் இப்போது சொல்லின் இடையில் இருப்பதால் ஹகரமாகாது. ஆற்றங்கரையார் வாயில் 'கெலுபமி' என்றே நிற்கும்; உகரம் இறுதியில் இல்லாததால் கெடாது. ஆகவே, எந்தக் கிணற்றின் பெயரில் பழைய ஒலி ஒளிந்திருக்கிறதோ அதுவே முன்னோர் தோண்டிய கிணறு!

இதனை அப்படியே எங்கள் ஆட்டத்தில் வைத்தேன். இம்முறை கதையை நடத்தியவன் நான். மலையில் ஏழு கிணறுகள். அவற்றுள் ஒன்றனடியில் இரு மக்களுக்கும் பொதுவான பழைய உடன்படிக்கைக் கல் கிடக்கிறது. அதனைக் கண்டெடுத்தால் போர் நிற்கும். ஆறு கிணறுகளை மலையார் 'செலுஹமி' என்றனர். ஒன்றை மட்டும் ஒரு மூதாட்டி 'செலுபமி' என்றாள். ஆட்டக்காரர்கள், 'கிழவிக்கு வாய் குழறுகிறது' என்று முதலில் தள்ளிவிட்டனர். ஒன்றரை மணி நேரம் ஆறு கிணறுகளிலும் கயிறு கட்டி இறங்கி ஏறினர்.

இறுதியில் விடையைக் கண்டவர் யார் தெரியுமா? அன்று குறும்பர் குரலில் 'பளம்' கேட்ட அதே நண்பர். தாளில் சொற்களை வரிசையாக எழுதிப் பார்த்தவர் திடீரென எழுந்து நின்று, "கிழவி குழறவில்லை! அவள்தான் சரியாகச் சொல்கிறாள்! அந்தக் கிணறுதான் பழையது!" என்று கூவினார். அடுத்த அறையிலிருந்து ஒருவர் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார்.

அன்றிரவு தேநீர்க் குவளைகளைக் கழுவும்போது அவர் என்னிடம், "எங்க பாட்டி வாயப்பயம்னுதான் சொல்வாங்க. ஸ்கூல்ல நான் அதை யார்கிட்டயும் சொன்னதில்லை" என்றார். நானும் என் தாயாரின் தொலைபேசிப் பேச்சைச் சொன்னேன். இருவரும் சிறிது நேரம் பேசாமல் நின்றோம்.

முடிவாக ஒன்று

நம் மன்றத்தின் கூட்டங்களை எண்ணிப் பாருங்கள். நாம் பல ஊரார். தமிழ்நாட்டிலிருந்து வந்தோர் உளர். பாலக்காட்டிலும் பெங்களூரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் பிறந்தோர் உளர். தமிழைக் காதால் மட்டும் கற்று, எழுத்தைப் பின்னர்க் கூட்டிப் படித்தோரும் உளர். முதலாண்டில் நான் ஐந்து கூட்டங்களுக்கு வந்து, ஐந்திலும் வாய் திறவாது அமர்ந்திருந்தேன். என் தமிழில் பாதி நெல்லை, பாதி மும்பைத் தெரு. 'சீக்கிரம்' என்பதற்கு 'ஜல்தி' என்று வாயில் வந்துவிடும். எவரேனும் சிரிப்பர் என்ற அச்சம். அன்று வாய் மூடி இருந்தவனே பின்னர் குறும்பரைக் கேட்டுச் சிரித்தான் என்பதுதான் எனக்கு இன்றும் நாணம் தருகிறது. சிரிப்புக்கு அஞ்சியவன் அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கும் பக்கத்தில் இடம் கிடைத்ததும் மகிழ்ந்துவிட்டான்.

இவ்வாண்டும் நம் கூட்டங்களில் பின்வரிசையில் பேசாது இருக்கும் புதிய மாணவர் சிலரைக் காண்கிறேன். அவர்கள் பேசும்போது நமக்குப் புதிதாக ஓர் ஒலி கேட்டால், உடனே திருத்தவோ நகைக்கவோ முற்படாமல், அதன் விதி யாது என்று கேட்போம். அந்த மூதாட்டியின் சொல்லைப்போல், அவர்கள் சொல்லுக்குள்ளும் நாம் மறந்துவிட்ட பழங்கிணறு ஒன்று இருக்கக்கூடும்.

ஆர்வமுள்ளோர் சனிக்கிழமை இரவு எங்கள் மேசைக்கு வருக. பகடை எங்களிடம் உண்டு. உங்கள் வீட்டுப் பேச்சை மட்டும் உடன் கொண்டு வாருங்கள்.